சாகாமக் காட்டுச் சனிக்கிழமைகள்

ஜனவரி 2, ஞாயிறு

விடியலிலிருந்து தூறல். வாடைக்காற்று. தாழ்வாரத்து உப்பு மூட்டைகளுக்குச் சாக்குப் போட்டு மூடினேன்.

புது நாட்காட்டி மாட்டினேன். கொழும்பிலிருந்து புடவை அனுப்புகிறவர்கள் தந்தது. முதல் படம் ஏதோ வெள்ளைக்காரன் நாட்டுக் காடு. மரம், பாதை, நிலம் எல்லாம் வெள்ளை. உறைந்த பனியாம். நடுவில் ஒருவன் நடந்து போன காலடிகள். ஆளைக் காணோம். போன தடம் இருக்கிறது, திரும்பி வந்த தடம் இல்லை. இதை ஒரு மாதம் முழுக்கப் பார்த்துக்கொண்டு இருக்க வேண்டுமாம்.

பத்து மணிக்கு ஜமால்தீன் மாஸ்டர் கடைக்கு வந்தார். அக்கரைப்பற்றுப் பள்ளிக்கூடத்து வாத்தியார். மகள் சுலைஹாவுக்குப் பேசியிருக்கிற மாப்பிள்ளை. லாம்புச் சிமினி ஒன்று வாங்க இருபது மைல் வந்திருக்கிறார். அக்கரைப்பற்றில் சிமினி இல்லையா? என்னைப் பார்க்க வந்தார் என்றே வைத்துக்கொள்வோம். ஆனால் பார்த்தது என்னை இல்லை, நாட்காட்டியை. கை கட்டி நின்று நெடுநேரம் பார்த்தார்.

"முதலாளி, மாசம் முடிஞ்சா இந்தப் படத்தை எனக்குத் தருவீங்களா?"

"என்னத்துக்கு மாஸ்டர்?"

"சும்மா."

சும்மா! எனக்குப் பிடிக்காத சொல். முப்பது வருடம் கடை வைத்திருக்கிறேன். சும்மா பார்க்க வந்தேன் என்கிறவன்தான் எதையாவது கிளப்பிக்கொண்டு போவான்.

இந்தச் சம்பந்தம் பேசிவிட்ட பள்ளிவாசல் மரைக்கார் சொன்னபடி மாத முடிவுக்குள் நான் ஓம் அல்லது இல்லை என்று பதில் சொல்ல வேண்டும். மகளுக்கு எங்கள் பின்வளவில் வீடு எழும்புகிறது. கூரை ஏறிவிட்டது, கதவு மட்டும் பாக்கி. வீடு மகளுக்கு. மாப்பிள்ளை அங்கே வந்து இருக்கப் போகிறவர். வருகிறவர் யார் என்று தெரியாமல் கதவு வைக்கலாமா?

நல்லது: தாய்வழிக் குடி விசாரித்தோம், பொருந்துகிறது. தொழுகை உண்டு. சுருட்டு, பீடி இல்லை. உம்மாவுக்கு அடங்கின பிள்ளை.
கெட்டது: இதுவரை ஒன்றும் இல்லை. அதுதான் கெட்டது.

ஜனவரி 4, செவ்வாய்

மழை விட்டது. சேலை மூட்டை வந்தது, இரண்டு சேலையில் கரை நூல் ஓடியிருக்கிறது. திருப்பி அனுப்பினேன்.

லொறிச் சாரதி இஸ்மாலெவ்வை நெல் ஏற்றச் சாகாமம் போய் வந்தான். இறங்கும்போதே சிரிப்பு.

"முதலாளி, நம்மட மாப்பிள்ளையப் பத்தி ஒரு கதை இரிக்கி. செல்லட்டா?"

"சொல்லித் தொலை."

"ஒவ்வொரு சனியும் காலம்பற சைக்கிள்ல சாகாமத்துக்கு வாறாராம். சைக்கிளைத் தேத்தண்ணிக் கடையில சாத்திப்போட்டு குளக்கட்டால காட்டுக்க போறாராம். தனிய. மறுகா பின்னேரம் அசர் தொழுகைக்குத்தான் வெளிய வாறாராம்."

"தேனுக்குப் போறாரா?"

"தேன் இல்ல."

"தடி? விறகு? முயல்?"

"வெறுங்கையோட போறாரு, வெறுங்கையோட வாறாரு. தேத்தண்ணிக் கடைக்காரன் ரெண்டு மாரியாப் பாக்கிறானாம்."

காட்டுக்குப் போகிற மனிதன் எதையாவது எடுக்கப் போவான், அல்லது எதையாவது வைக்கப் போவான். மூன்றாவது ஒன்று இருப்பதாக நான் கேள்விப்பட்டதில்லை.

மனைவியிடம் சொன்னேன். குசினியில் தேங்காய் துருவிக்கொண்டு நிமிராமல் சொன்னாள்: "உலாவப் போறாராக்கும். உங்களையும்தானே ஆஸ்பத்திரி அப்போதிக்கரி நடக்கச் சொன்னாரு, மூச்சிழுப்புக்கு. நீங்க வாசல் கடப்படி வரைக்கும் நடந்தீங்களா?"

உலாவக் கடற்கரை இல்லையா? இந்தக் குளிரில், அட்டை கடிக்கிற காட்டில், யானைக் காட்டில், ஒரு வாத்தியார் உலாவுகிறாராம். வர்ற சனி நானே போகிறேன். வீட்டில் சொல்ல வேண்டியது: கதவுக்கு முதிரை மரம் பார்க்கப் போகிறேன்.

ஜனவரி 8, சனி

குளிர். விடிந்தும் விடியாத மாதிரி. லொறியில் இஸ்மாலெவ்வையோடு போனேன். சாகாமத்தில் இறங்கும்போது குளம் எங்கே, வானம் எங்கே என்று தெரியவில்லை. எல்லாம் பால் கலக்கினது போல மூடுபனி.

தேத்தண்ணிக் கடைக்காரன் பெயர் சாமித்தம்பி. நெற்றியில் திருநீறு, வாயில் வெற்றிலை.

"என்ன முதலாளி, இந்தப் பனிக்குள்ள?"

"மரம் பார்க்க."

"மரம் பாக்க வாற ஆக்கள் கோடாலிக்காரனோடதான் வருவாங்க."

இவனும் கூட்டாக இருக்கலாம். குறித்துக்கொண்டேன்.

ஏழரைக்கு ஜமால்தீன் வந்தார். சைக்கிளைச் சாத்தினார். குளக்கட்டில் ஏறினவர் ஒருதரம் திரும்பிப் பார்த்தார். நான் சடக்கென்று குனிந்து தண்ணீரில் கால் கழுவுவதுபோல நின்றேன். பார்க்கவில்லை என்று நினைக்கிறேன். நூறு முழம் விட்டுப் பின்னால் போனேன்.

காட்டுப் பாதை ஈர மணல். அவர் காலடி தெளிவாக விழுந்து கிடந்தது, ஆளைக் காணாவிட்டாலும் தடத்தைப் பார்த்தே போகலாம். எனக்குத் தொழில் லேசாயிற்று. சத்தமே இல்லை. இலையிலிருந்து தண்ணீர் சொட்டுவது மட்டும். நூறு முழத்துக்கு அப்பால் மரங்கள் வெள்ளையில் கரைந்து போகின்றன. கடை நாட்காட்டிப் படத்துக்குள் நுழைந்த மாதிரி. அமைதியான இடம் என்றால் எனக்கு நம்பிக்கை வராது. சந்தையில் ஏமாற்றுகிறவன் சத்தம் போடுவான். பெரிய ஏமாற்று எல்லாம் சத்தமில்லாத இடத்தில்தான்.

கண்டவை:
1. ஒவ்வொரு வளைவிலும் நின்றார். யாரையோ எதிர்பார்க்கிற மாதிரி.
2. இரண்டு தரம் பலமாகச் செருமினார். சளி இல்லாத செருமல்.
3. பாதை இரண்டாகப் பிரிகிற இடம். ஒரு பச்சைக் கொப்பை முறித்து இடது பாதையின் குறுக்கே போட்டார். பிறகு வலது பக்கம் போனார்.

மூன்றாவதுதான் சங்கதி. எங்கள் கடற்கரையில் கரைவலை இழுத்ததும் பச்சைக் கொப்பு ஒன்றை மணலில் நட்டு வைப்பார்கள். இங்கே மீன் இருக்கிறது, வாருங்கள் என்று அர்த்தம். பத்து வயதில் நான் தலையில் கூடையோடு அந்தக் கொப்பைத் தேடித்தான் ஓடுவேன். இந்த மனிதனும் யாருக்கோ கொப்பு வைக்கிறான்.

மூச்சு வாங்கியது. அதற்கு மேல் போகவில்லை. அட்டை மூன்று.

அசருக்கு அவர் வெளியே வந்தார். சாமித்தம்பி கடைப் பின்பக்கம் நின்று பார்த்தேன். வெறுங்கை. சட்டைப்பையும் தட்டையாகத்தான் இருந்தது.

ஜனவரி 9, ஞாயிறு

வெயில் கொஞ்சம். சாக்குகளைக் காயப் போட்டோம்.

என்னவாக இருக்கலாம்:
திருட்டு மரம் – தனி ஆளால் ஆகாது. ஆனால் காவலுக்கு நிற்கலாம்.
மான் தோல் – இரத்தக் கறை இல்லை.
கஞ்சாச் சேனைப் பயிர் – படித்தவன்தான் இதைச் செய்வான்.
பொம்பளை – காட்டுக்குள் ஒரு வாடிக் குடிசை, அதில் ஒருத்தி. கொப்பு வைத்த பாதை அங்கேதான் போகிறது. தான் வலது பக்கம் போவதுபோலப் போய்ச் சுற்றிக்கொண்டு வருகிறான்.

நாலாவது என்றால் என் மகள் இந்தப் புது வீட்டில் சனிக்கிழமைதோறும் தனியாக இருந்து வாசல் கடப்பைப் பார்த்துக்கொண்டிருப்பாள். அதற்கா நான் சீமெந்து தேடி அலைந்தேன்?

மனைவி என் சாரனைத் தோய்க்க எடுத்தாள். ஒட்டுப்புல் அப்பியிருந்தது.

"மரம் பாத்தீங்களா?"

"பார்த்தேன்."

"எத்தின மரம்?"

"...நாலு."

"ஒண்டுக்கும் விலை பேசல்லையா?"

"பிடிக்கவில்லை."

சாரனைத் தண்ணீரில் அமுக்கினாள். அமுக்கின விதம் எனக்குப் பிடிக்கவில்லை.

ஜனவரி 13, வியாழன்

பகல் முழுக்க அடைமழை. யாரும் வரவில்லை. நாட்காட்டிப் படத்தைப் பார்த்தபடி இருந்தேன். இவன் எங்கே போயிருப்பான், அந்த வெள்ளைக் காட்டில்? கையில் ஏதும் கொண்டு போனானா? தடத்தின் ஆழத்தைப் பார்த்தால் சுமை இல்லை.

தலையிடி. கொத்தமல்லி அவித்துக் குடித்தேன்.

ஜனவரி 15, சனி

இதை நடந்த வரிசைப்படியே எழுதுகிறேன்.

காலையில் சாமித்தம்பி நேற்றுப் பொங்கின சர்க்கரைப் பொங்கலை வாழையிலையில் தந்தான். "சாப்பிட்டுப் போங்க முதலாளி, மரம் ஓடிப் போகாது." இவன் சிரிப்பு எனக்குப் பிடிபடவில்லை. சாப்பிட்டேன், நன்றாக இருந்தது.

போன கிழமையை விடப் பனி அடர்த்தி. ஜமால்தீன் முன்னே, நான் பின்னே. பிரிகிற இடத்தில் பழையபடி இடது பக்கம் புதுக் கொப்பு. இலையில் ஈரம் காயவில்லை. அவர் வலது பக்கம் போய் மறைந்தார். நான் தீர்மானித்தேன்: இன்றைக்கு ஆளைத் தொடர வேண்டாம், கொப்பைத் தொடர்வோம். கொப்பைத் தூக்கிப் புதருக்குள் எறிந்தேன், இவனுடைய கூட்டாளி வந்து குழம்பட்டும் என்று. இடது பாதையில் நடந்தேன்.

கால் மைல் இருக்கும். மரம் குறைந்தது. தரை சதசதவென்று ஆயிற்று. நீர் தேங்கின புல்வெளி. வாடி ஏதும் தெரியவில்லை. பனிக்குள் ஒரு பாறை மட்டும் தெரிந்தது. பாறைக்குப் பின்னால் வாடி இருக்கும் என்று இன்னும் பத்து எட்டு வைத்தேன்.

பாறை காதை ஆட்டியது.

ஓட நினைத்தேன். ஒரு செருப்பு சேற்றில் புதைந்துகொண்டது. கலிமா சொன்னேன், அதுவும் பாதியில் நின்றது. பக்கத்தில் இன்னொரு பாறை அசைந்தது. அதன் காலடியில் சின்னதாக ஒன்று. குட்டியோடு நிற்கிறவை.

பின்னால் ஒரு குரல், தாழ்ந்து, பிள்ளைகளுக்குப் பாடம் சொல்கிற குரல்:

"மாமா. கதைக்காதீங்க. கிறுகித் திரும்பாதீங்க. பின்காலால வாங்க. காத்து நம்மட பக்கம்தான் அடிக்கிது, அதுகளுக்கு மணம் போகல்ல. ஒரு எட்டு. ஓம். இன்னொண்டு."

என் சட்டையின் பின்பக்கத்தை ஒரு கை பிடித்திருந்தது. அந்தக் கையை நம்பி ஐம்பது எட்டுப் பின்னாலேயே வந்தேன். வாழ்நாளில் பார்க்காமல் நான் வைத்த எட்டுகள் இவைதான். மரத்துக்குள் வந்ததும் உட்கார்ந்துவிட்டேன். அவர் பக்கத்தில் குந்தி இருந்தார். தண்ணீர்ப் போத்தல் தந்தார்.

மூச்சு வந்ததும் நான் சொன்னது: "மரம் பார்க்க வந்தேன்."

"ஓம் மாமா."

வேறு ஒன்றும் கேட்கவில்லை. என்னைக் குளக்கட்டு வரை கொண்டுவந்து விட்டார். அதுவரைக்கும் முதலாளி என்று கூப்பிட்டவர், இன்று மாமா. கவனித்தேன்.

சாரன் கிழிசல். ஒரு செருப்பைச் சேறு விழுங்கிவிட்டது. லொறியில் இஸ்மாலெவ்வை என்னை மேலும் கீழும் பார்த்தான்.

ஜனவரி 16, ஞாயிறு

உடம்பு வலி. கடைக்குப் பகலில்தான் போனேன்.

யோசனை: சரியாக அந்த நேரம் அங்கே எப்படி வந்தார்? ஏன் ஒரு கேள்வியும் கேட்கவில்லை? ஒளிக்க ஒன்றும் இல்லாதவன் கேட்பான், "இங்கே என்ன செய்கிறீங்க" என்று. கேட்காதது ஏன்? என் உயிரைக் காப்பாற்றினவன் என்று சொல்லி மகளைக் கொடுத்துவிட முடியாது. அது வேறு சாமான், இது வேறு சாமான்.

ஆனாலும் இரவெல்லாம் சட்டையின் பின்பக்கத்தில் அந்தக் கை இருந்த மாதிரியே.

ஜனவரி 18, செவ்வாய்

தூறல். முகம் வழிக்கப் போனேன். நாவிதன் கத்தியைத் தீட்டியபடி கேட்டான்: "முதலாளிக்குச் சாகாமத்துல காத்து ஒத்துக்கிடுது போல?"

பக்கத்தில் இருந்த இரண்டு பேரும் பேப்பரை உயர்த்திக்கொண்டார்கள். பேப்பர் குலுங்கியது.

வீட்டுக்கு வந்தேன். மனைவி சோற்றை வைத்துவிட்டுப் போய்விட்டாள். கறியைக் காணோம். கூப்பிட்டேன்.

"சாகாமத்துல ஆக்கித் தருவாங்கதானே."

"என்னடி கதை இது?"

"நான் கதைக்கல்ல. ஊர் கதைக்கிது. சனிக்கிழமையெண்டா விடியக்க போறாரு. சாரன் கிழிய, ஒத்தைச் செருப்போட வாறாரு. மரம் மரம் எண்டாரு, இதுவரைக்கும் ஒரு பலகைத் துண்டு வரல்ல. வெறுங்கையோட காட்டுக்குப் போய் வெறுங்கையோட வாற ஆம்பிளை என்னத்துக்குப் போறான்? நீங்களே செல்லுங்க. இதெல்லாம் எனக்குப் படிப்பிச்சதே நீங்கதானே."

பதில் சொல்ல வாய் திறந்தேன். மாப்பிள்ளைக்குப் பின்னால் ஒளிந்து போனேன் என்று சொல்ல வேண்டும். கதவு வைக்காத புது வீட்டில் மகள் நின்று கேட்டுக்கொண்டிருந்தாள். கறி இல்லாமலே சோற்றைப் பிசைந்தேன்.

இஸ்மாலெவ்வைதான் கதையைப் பரப்பியிருக்கிறான். கேட்டேன். "அல்லாவே, நான் ஒண்டும் செல்லல்ல முதலாளி. ஒத்தைச் செருப்பை மட்டும்தான் சென்னன்."

ஜனவரி 21, வெள்ளி

ஜும்ஆத் தொழுகைக்குப் பிறகு மரைக்கார் என்னைத் தண்ணீர்த் தொட்டிப் பக்கம் கூட்டிப் போனார். தொப்பியைக் கழற்றி, திரும்பப் போட்டார். நல்ல செய்தி இல்லை.

"தம்பி, அக்கரைப்பற்றுக்காரர் ஆள் அனுப்பியிருக்காங்க."

"பதிலுக்கு இன்னும் பத்து நாள் இருக்கே."

"பதில் கேட்டு இல்ல. கேள்வி கேட்டு. பொண்ணோட வாப்பா சனிக்கிழமையில எங்க போறாரு எண்டு மாப்பிள்ளையிட உம்மா கேட்கிறா. அது தெரியாம மகனை அந்த வளவுக்க அனுப்ப ஏலாதாம்."

எனக்கு முதலில் விளங்கவில்லை. நான் அவனைச் சோதித்துக்கொண்டிருந்தேன். இப்போது தராசில் இருப்பது நான்.

"நீங்க என்ன சொன்னீங்க?"

"எனக்குத் தெரியா எண்டன். தெரிஞ்சா சொல்லியிருப்பன். எங்க தம்பி போறீங்க?"

உண்மையைச் சொன்னால்: வரப்போகிற மருமகனை ஒளிந்து பின்தொடர்ந்த மாமனார். எந்த உம்மா தன் மகனை இவன் வீட்டுக்கு விடுவாள்? சொல்லாவிட்டால்: சாகாமத்தில் இன்னொரு வீடு வைத்திருக்கிற மாமனார். இரண்டிலும் கெடுவது சுலைஹாவின் காரியம். ஒரு சம்பந்தம் இந்த மாதிரிக் கதையோடு முறிந்தால் அடுத்தது வரும்போது கதை முன்னால் வந்து நிற்கும்.

வீட்டில் சுலைஹா தேத்தண்ணி கொண்டுவந்து வைத்தாள். போகாமல் நின்றாள்.

"வாப்பா, ஓம் எண்டாலும் சரி, இல்ல எண்டாலும் சரி. ஊர் சிரிக்காம செல்லுங்க. சிரிப்போட நான் அந்த வீட்டுல இரிக்க மாட்டன்."

அவ்வளவுதான். இந்தப் பிள்ளை என்னைப் போல. அதிகம் கதைக்காது, கதைத்தால் வெட்டிவிடும்.

ஜனவரி 22, சனி

மூடுபனி. போகவில்லை. கடையில் இருந்தேன். வருகிறவன் எல்லாம், "இண்டைக்கு முதலாளி ஊர்லயா?" என்று கேட்டான். பதினொரு பேர். எண்ணினேன்.

ஜனவரி 23, ஞாயிறு

பஸ்ஸில் அக்கரைப்பற்று. மரைக்கார் கூட வந்தார். நானே போய் உண்மையைச் சொல்வது என்று முடிவு. பொய்க்கு இன்னொரு பொய் முட்டுக் கொடுத்துக்கொண்டே போக வேண்டும். உண்மைக்கு ஒரு தரம் வெட்கப்பட்டால் போதும்.

அவர்கள் வீடு ஓலைக் கூரை, சாணம் மெழுகின தரை, துப்புரவு. ஜமால்தீன் முற்றத்தில் சைக்கிளுக்கு எண்ணெய் போட்டுக்கொண்டிருந்தார். ஸலாம் சொன்னார். உம்மா உள்ளே, திரைக்குப் பின்னால். குரல் மட்டும் வந்தது. கனமான குரல்.

"காக்கா, கூடப்பிறந்தவரா நினைச்சுக் கேக்கிறன், குறை நினைக்கப்படாது. எனக்கு இவன் ஒருத்தன்தான். இவனை உங்கட வளவுக்குத்தான் தாறன். வளவுக்காரன் ஆரெண்டு கேக்க எனக்கு உரிமை இரிக்கா, இல்லையா?"

"இருக்கு."

"அப்ப செல்லுங்க. சனிக்கிழமை காட்டுல உங்களுக்கு என்ன வேலை?"

"நான் சொல்கிறதைக் கேட்டு நீங்க..." என்று தொடங்கினேன்.

"என்னோடதான் உம்மா வாறவரு," என்றார் ஜமால்தீன், எண்ணெய்ப் புட்டியை மூடியபடி. "மாமாவுக்கு மூச்சிழுப்பு. நடக்கச் சொல்லியிரிக்கி. நான்தான் சாகாமத்துக்கு வாங்க எண்டன். யானையைக் கண்டு ஒரு செருப்பையும் விட்டுட்டாரு. அதைச் செல்ல வெட்கப்பட்டு மரம் எண்டிருக்காரு."

திரை அசைந்தது. பிறகு சிரிப்பு, குலுங்கிக் குலுங்கி.

"அல்லாவே, இன்னொரு பைத்தியமா! நான் இவன் ஒருத்தன்தான் எண்டு கவலைப்பட்டன். அப்ப வாற சனியும் போவீங்களா காக்கா?"

"போ... போவேன்."

"சரி. சாமித்தம்பியிட்ட கேட்டு வெப்பன்."

இந்த மனுசி லேசான ஆள் இல்லை. மரைக்காரும் மனம் நிறைந்து இரண்டு பணியாரம் கூடச் சாப்பிட்டார்.

திரும்பும்போது பஸ்ஸில் ஒரே யோசனை. அப்போதிக்கரி என்னை நடக்கச் சொன்னது இவனுக்கு எப்படித் தெரியும்? யார் சொன்னது? என் வீட்டிலிருந்து கதை வெளியே போகிறதா?

ஜனவரி 25, செவ்வாய்

சீனி மூட்டை நனைந்துவிட்டது. காய வைக்க வழியில்லை.

அக்கரைப்பற்றுக் கதை நான் சொல்லுமுன்னே வீட்டுக்கு வந்துவிட்டது. மனைவி இன்று கறியைக் கிட்டத்தில் வைத்தாள். மீன் தலையும் எனக்கே. ஆனால் ஒரு சொல்: "நடக்கப் போறன் எண்டு முதல்லயே செல்லியிருந்தா நான் என்ன தடுக்கிறதா? மரமாம்!" நான் மீன் தலையைச் சாப்பிட்டேன்.

ஜனவரி 29, சனி

குளிர். மூடுபனி. சாமித்தம்பி எங்கள் இருவரையும் சேர்த்துப் பார்த்துவிட்டு, "இண்டைக்கு ஒளிச்சு விளையாட்டு இல்லையா?" என்றான். எல்லாம் தெரிந்திருக்கிறது இந்த ஆளுக்கு.

முதல் வளைவு தாண்டியதும் கேட்டேன். "மாஸ்டர், எப்போ தெரியும்?"

"முதல் நாளே மாமா. குளக்கட்டுல கால் கழுவினீங்களே, செருப்போட."

நான் குனிந்து என் காலைப் பார்த்தேன்.

"முதல்ல மரம் பாக்கத்தான் எண்டு நினைச்சன். பின்னால வரக்க விளங்கிச்சு. கிறுகி வந்து கதைச்சா நீங்க வெட்கப்படுவீங்க. விட்டுட்டுப் போகவும் பயம். அதான் வளைவுக்கு வளைவு நிண்டன். நீங்க வாறீங்களா எண்டு பாக்க. இடையில செருமினன், நான் இஞ்சதான் இரிக்கன் எண்டு."

"கொப்பு?"

"இடது பாதை வில்லுச் சதுப்புக்குப் போகுது. மாரியில யானை இறங்குற இடம். காட்டுல குறுக்க கொப்புப் போட்டா, பின்னால வாற ஆள் அந்தப் பக்கம் போகப்படாது எண்டு அர்த்தம். எல்லாருக்கும் தெரியுமே."

எல்லாருக்கும் தெரியும். கடற்கரையில் மீன்கூடை தூக்கி வளர்ந்தவனுக்கு மட்டும் தெரியாது. எனக்காகப் போட்ட கொப்பு. அதைத் தூக்கி எறிந்துவிட்டு யானைக்குள் போயிருக்கிறேன்.

"அந்த நாள் எப்படி என்னைக் கண்டுபிடிச்சீங்க?"

"கொஞ்ச நேரமா உங்கட சத்தம் கேக்கல்ல. கிறுகி வந்து பாத்தா கொப்பைக் காணல்ல. இடது பாதையில லொறி போன தடம்." சிரித்தார். "உங்கட டயர்ச் செருப்பு மாமா. ரெண்டு காலால நடந்து போன லொறி."

பழைய லொறி டயரில் வெட்டின செருப்பு. நாலு வருடம் தேயாமல் உழைத்தது. இவன் காலடியை ஒவ்வொன்றாக ஆராய்ந்துகொண்டு போன நான் என் காலடியைத் திரும்பிப் பார்க்கவில்லை.

"மூச்சிழுப்பு யார் சொன்னது? என் வீட்டிலா?"

"ஆரும் செல்லல்ல. நூறு முழத்துக்கு இஞ்சால எனக்கு உங்கட மூச்சுக் கேட்டிச்சு."

வலது பாதை முடிவில் ஒரு நிஜப் பாறை, அதில் ஏறினோம். நான் மூன்று தரம் இருந்து இளைப்பாறி. மேலே ஒரு மணித்தியாலம். கீழே காடு முழுக்க வெள்ளை, மர உச்சிகள் மட்டும் கறுப்புப் புள்ளிகள். அவர் ஒன்றும் செய்யவில்லை. நானும் கவனித்துக்கொண்டே இருந்தேன், ஏதாவது செய்வார் என்று. செய்யவில்லை.

"என்னத்துக்கு இது மாஸ்டர்? உண்மையைச் சொல்லுங்க."

"கிழமையில அஞ்சு நாள் நாப்பது புள்ளைகளோட கத்துறன். எல்லாத்துக்கும் பதில் செல்லணும். இஞ்ச ஒண்டும் என்னைக் கேள்வி கேக்கிறல்ல." கொஞ்சம் நிறுத்தி, "இண்டைக்கு வரைக்கும்" என்றார்.

காலில் ஏறின அட்டையைப் பிடுங்கி எறிந்தேன். ஆனாலும் கேட்க வேண்டியது ஒன்று பாக்கி.

"உங்க உம்மாவிடம் பொய் சொன்னீங்க. ஒரு இமை கூட ஆடல்ல. என் மகளிடமும் இப்படித்தான் சொல்லுவீங்களா?"

திரும்பி என்னை நேராகப் பார்த்தார். கோபம் வரும் என்று காத்திருந்தேன்.

"பொய்யா? மாமா, நீங்க என்னோட வந்தீங்க. நடந்தீங்க. செருப்பு போச்சு. இதுல எது பொய்?"

"நான்தான் கூப்பிட்டன் எண்டீங்களே."

"கொப்புப் போட்டு, நிண்டு நிண்டு, செருமிச் செருமி ரெண்டு சனி உங்களைப் பத்திரமாக் கூட்டிட்டுப் போனன். இதுக்கு மேல எப்படிக் கூப்பிடுற?"

கடையில் இப்படி ஒரு வாதம் வைத்தால் நான் சாமானை விட்டுக்கொடுத்துவிடுவேன்.

இறங்கி வந்தோம். பிரிகிற இடத்தில் ஒரு கொப்பை முறித்து நானே இடது பக்கம் போட்டேன். யார் பின்னால் வந்தாலும். வெறுங்கையோடு வந்தோம். இஸ்மாலெவ்வை இரண்டு பேருடைய கையையும் பார்த்தான்.

ஜனவரி 31, திங்கள்

வானம் வெளித்திருக்கிறது. மாரி முடியப் போகிறது போல.

லுஹர் தொழுகைக்குப் பிறகு மரைக்காரிடம் போய் ஓம் என்று சொன்னேன். அவர் ஃபாத்திஹா ஓதினார். தச்சனுக்கு ஆள் அனுப்பினேன், முதிரைக் கதவு, நல்ல பூட்டு.

படத்தைக் கிழித்துச் சுருட்டி நூல் கட்டி இஸ்மாலெவ்வையிடம் கொடுத்தேன், மாஸ்டரிடம் சேர்க்கச் சொல்லி. பிரித்துப் பார்த்துவிட்டுத்தான் கொண்டு போனான். பெப்ரவரிக்கு ஒரு கப்பல் படம். பரவாயில்லை.

மகள் கேட்டாள்: "அவரு அந்தக் காட்டுல என்னதான் செய்றாரு வாப்பா?"

"ஒண்டும் செய்யல்ல."

"நல்லாப் பாத்தீங்களா?"

"நல்லாப் பார்த்தன்."

சிரித்துக்கொண்டு உள்ளே போனாள். அந்தச் சிரிப்பு எனக்கு முழுதாக விளங்கவில்லை.

வாங்க வேண்டியது: சுண்ணாம்பு, பிணைச்சல் ஆறு, கொத்தமல்லி. சனிக்கிழமைக்குப் புதுச் சப்பாத்து. அடி வழுவழுப்பானது. தடம் விழாதது.